அப்பளமாகிப் போன பிளாஸ்டிக்: ஒரு பழைய ஜென் காரின் உள்வேலை

மார்கழி மாதம், காலை ஆறரை மணி. தர்மபுரியில் அந்த நேரத்துக்குக் கார்க் கதவைத் தொட்டாலே விரல் சில்லிடும். ஸ்வெட்டரும் குல்லாவுமாகக் காருக்குள் உட்கார்ந்து, முன்கண்ணாடியை ஒட்டி மேலேறும் இடதுபக்கத் தூணின் பிளாஸ்டிக் உறைக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவர் நுனியைச் செருகி நெம்பினேன். மெதுவாகத்தான் நெம்பினேன். ‘டிக்’ என்றது. கழன்றுவிட்டது என்று சந்தோஷமாக இழுத்தால், மேல்பாதி என் கையில் இருக்கிறது, கீழ்ப்பாதி தூணிலேயே இருக்கிறது, நடுவில் இருந்தது மூன்று சில்லுகளாக டேஷ்போர்டின் மேல் கிடக்கிறது. பொரித்த அப்பளத்தை நடுவில் குத்தினால் எப்படி உடையுமோ அப்படி.

செய்ய நினைத்தது சின்ன வேலை. வாரம் ஒருமுறையாவது தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலம் போய்வருகிறவன் நான். அந்த இறக்கத்தில் நடக்கும் விபத்துகளைப் பேப்பரில் படித்துப் படித்துப் பயந்துபோன அக்கா மகன், “ஒரு கேமரா மாட்டிக்கங்க மாமா” என்று ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தான். அதன் வயரை உறைக்குள் மறைத்துக் கீழே இறக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிட வேலை ஏழு வாரம் ஆயிற்று.

கார் 1999 மாடல் மாருதி ஜென். அப்பா வாங்கியது. 993 சி.சி. எஞ்சின் இன்றைக்கும் ஒரு சாவித் திருப்பில் எடுத்துக்கொள்கிறது. 15 வருடம் முடிந்ததும் 2014-ல் ஆர்.சி. புதுப்பித்தோம், அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே வருகிறோம். அப்பா வேலைக்குப் போன காலத்தில் அலுவலகத்து வாசலில் ஒரு பெரிய புளியமரம் இருந்தது. பகல் முழுக்கக் கார் அதன் அடியில்தான் நிற்கும். கூரை மேல் பறவை எச்சம், வைப்பரில் புளியஇலை, ஆனால் உள்ளே ஒரு கீறல் கிடையாது. ரோட்டை அகலப்படுத்தியபோது மரம் போயிற்று. அப்புறம் வீட்டையும் இலக்கியம்பட்டிப் பக்கம் மாற்றிக்கொண்டோம். இங்கே காருக்கு ஷெட் இல்லை. தெற்கே பார்த்து நிற்கும், மேற்கு வெயில் முழுக்க வலதுபக்கத்தில் அடிக்கும். அதனால் உடைந்த இடதுபக்கத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் கவலை வலதுபக்கத்தைப் பற்றித்தான். நிழல்பக்கமே இந்த லட்சணம் என்றால்?

சில்லுகளை ஒரு ஸ்வீட் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் ஒரு சில்லை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அது இன்னும் இரண்டானது.

“காலையில ஆறரைக்கு எவன் சார் பிளாஸ்டிக்ல கை வப்பான்? வண்டிய வெயில்ல நிக்க வுடுங்க. பதினோரு மணிக்கு மேல தொடுங்க. ஆம்பள கை வேணாம், கோலம் போடற கையா இருக்கணும்.”

“மொத்தமும் புதுசா மாத்திடலாமாண்ணா?”

“எங்க கெடைக்குது புதுசு? இத தொட்டா ஒரு செலவு, தொடலன்னா ஒரு செலவு. பாத்துக்கங்க.”

இந்தப் பதிவில் உருப்படியான ஒரு விஷயம் உண்டென்றால் அது அவர் சொன்ன அந்தப் பதினோரு மணிதான். மற்றதெல்லாம் நான் உடைத்து உடைத்துக் கற்றது.

ஏன் இப்படி ஆகிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் என்பது மிக நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது. வெயிலின் புற ஊதாக் கதிர், சூடு, காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து அந்தச் சங்கிலிகளை வெட்டிக்கொண்டே இருக்கும். நீளமாக இருக்கும்வரை வளையும், துண்டு துண்டானால் முறியும். ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக் வகையில் அடி தாங்குவதற்கென்றே நுண்ணிய ரப்பர்த் துகள்களைக் கலந்திருப்பார்கள், வெயிலில் முதலில் கெடுவது அந்த ரப்பர். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அந்தப் படலம் புற ஊதாவில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் ஒற்றைக் கண்ணாடி, அவ்வளவு தடுக்காது. டேஷ்போர்டைவிட என் காரின் பின்பக்கத்துச் சாமான்கள் அதிகம் நொறுங்கியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆக இதில் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை வருடம் வெயிலில் நின்றால் மனிதத் தோலே சுருங்குகிறது.

இன்னொரு காரணமும் உண்டு, அது நம் கைவேலை. டேஷ்போர்டு பளபளக்க டீசலும் மண்ணெண்ணெயும் தொட்டுத் துடைப்பார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் செய்திருக்கிறோம். ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் ஏ.பி.எஸ். பாகத்தில் பெட்ரோல் வகை திரவம் பட்டால், திருகு இறங்கும் இடத்திலும் மூலையிலும் மயிரிழை போல விரிசல் ஓடும். ஈரத்துணி போதும். ரொம்ப அழுக்கென்றால் இரண்டு சொட்டு ஷாம்பு.

சரி, வேலைக்கு வருவோம்.

அடுத்த ஞாயிறு காரைத் திருப்பி, உடைய வேண்டாம் என்று நான் நினைத்த பக்கம் கிழக்கு வெயில் படும்படி நிறுத்தினேன். கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். பதினோரு மணிக்குக் கதவைத் திறந்தால் உள்ளே அடுப்பங்கரை போல அனல். தூணின் உறையைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்கலாம், ஆனால் வைத்துக்கொண்டே இருக்க முடியாது. அந்தச் சூடுதான் பதம். ஸ்க்ரூ டிரைவரை மூட்டை கட்டி வைத்தாயிற்று. மூங்கில் பட்டை ஒன்றைக் கத்தியால் சீவி, உப்புத்தாள் போட்டு நாக்கு மாதிரி மெலிதாக்கியிருந்தேன். இரும்பு என்றால் ஒரே புள்ளியில் அழுத்தம் போகும், மூங்கில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பட்டையை ஓரத்தில் விட்டு, உறையைத் தூணோடு பிடித்திருக்கும் கிளிப்பு இருக்கும் இடத்துக்கு நேராக நகர்த்தி, அங்கே மட்டும் நெம்பினேன். இரண்டு கிளிப்புக்கு நடுவே நெம்பினால் உறை வில்லாக வளைந்து முறியும், அன்றைக்கு நான் செய்த தப்பு அதுதான். ‘டொப்’ என்று ஒரு மந்தமான சத்தம் கேட்டது. உடைந்த சத்தத்துக்கும் கழன்ற சத்தத்துக்கும் வித்தியாசம் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் பிறகு மறக்காது. வலதுபக்க உறை முழுசாகக் கைக்கு வந்தது. இருபது நிமிடம் ஆனது, முதுகு தெப்பமாக நனைந்துவிட்டது.

சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வைத்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம். என்னிடமும் இரவல் வாங்கிய ஒன்று இருந்தது. ஆனால் அது ஒரே இடத்தைச் சுடும், அரை நிமிடம் கவனம் பிசகினால் மேல்பரப்பின் புள்ளி வேலைப்பாடு வழவழவென்று உருகிவிடும். வெயில் அப்படியில்லை. கிளிப்பு, உறை, தகடு எல்லாவற்றையும் ஒரே சீராகச் சூடாக்கும். காசும் கேட்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. என் ஜென்னில் ஏர்பேக் கிடையாது, அதனால் தூண் உறையில் தாராளமாகக் கை வைத்தேன். பக்கவாட்டில் திரை மாதிரி விரியும் ஏர்பேக் உள்ள கார்களில் அது இந்த உறைக்குப் பின்னால்தான் சுருண்டு கிடக்கும். அங்கே உறையைப் பசை போட்டு ஒட்டுவதோ, வயரைக் குறுக்கே கட்டுவதோ கூடாது. தெரிந்தவர் கையில் விட்டுவிடுங்கள்.

கதவுப் பலகைகள், எங்கள் ஊர் மெக்கானிக்குகள் ‘டோர் பேட்’ என்பது, அவ்வளவு தொல்லை கொடுக்கவில்லை. கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றுவதுதான் முதலில் புரியாது. திருகே கண்ணில் படாது. பின்னால் குதிரை லாடம் மாதிரி ஒரு கம்பிக் கிளிப்பு பிடித்துக்கொண்டிருக்கும். பழைய வேட்டித் துணியைக் கயிறு போலத் திரித்து, கைப்பிடிக்கும் பலகைக்கும் நடுவே விட்டு, தயிர் கடைவது போல இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால் துணி கிளிப்பில் மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். எங்கே போய் விழும் என்பது வேறு விஷயம். ஒன்று பக்கத்து வீட்டு முருங்கை அடியில் கிடைத்தது. இரண்டாவது கிளிப்புக்கு முன்னால் ஒரு துண்டை விரித்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மகளை நிறுத்தினேன்.

பலகைக்குப் பின்னால் கதவோடு ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பலர் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் பலகைப் பக்கம் வராமல் தடுப்பது அதுதான். என் காரில் வலது பின்கதவில் அது இல்லவே இல்லை, எந்தக் காலத்திலோ யாரோ எடுத்திருக்கிறார்கள். அந்தக் கதவின் அட்டைப் பலகை மட்டும் அடிப்பக்கம் ஊறி, உப்பி, கிளிப்பு உட்காரும் துளைகள் கிழிந்து கிடந்தன. யூரியா மூட்டைக்குள் இருக்கும் உள்பையைக் கழுவிக் காயவைத்து, அளவாக வெட்டி, பழைய தார்ப்பசையை வெயிலில் இளக்கி அதன்மேலேயே ஒட்டினேன். கிழிந்த துளைகளுக்குப் பின்னால் மெல்லிய அலுமினியத் தகட்டில் புதுத் துளை போட்டு ஒட்டியாயிற்று.

கிளிப்பு விஷயத்தில் காசு வீணானது. ஒரு கடையில், “எல்லா வண்டிக்கும் சேரும் சார்” என்று ஐம்பது கலப்புக் கிளிப்புகள் அடங்கிய பாக்கெட்டைக் கொடுத்தார்கள். எல்லா வண்டிக்கும் சேரும் என்றால் எதற்கும் சரியாகச் சேராது என்று அர்த்தம். வீட்டில் வந்து பார்த்தால் பாதி தொளதொளவென்று ஆடுகிறது, பாதி நுழையவே இல்லை. அளவு எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி வேண்டாம், டிரில் பிட்டுகளின் பின்பக்கத்தை ஒவ்வொன்றாகத் துளையில் விட்டுப் பார்த்தால் போதும். என் கதவில் 7 மில்லிமீட்டர் பிட் இறங்கியது, 8 இறங்கவில்லை. துளையின் அளவு, தலையின் அகலம், கழுத்தின் நீளம், மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனபோது வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு ஜே.சி. ரோட்டில் இரண்டாவது கடையிலேயே கிடைத்துவிட்டது. காலை ரயிலில் ஓசூர் வழியாகப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிட்டேன்.

பெரும்பாலான கிளிப்புகள் நைலான். நைலானுக்குத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் உண்டு. குடித்திருந்தால் வளையும், வறண்டுபோனால் முறியும். அதனால் மாட்டுவதற்கு முன்னால் கொதித்து இறக்கிய வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டேன். பழையவற்றில் நல்லதாகத் தெரிந்ததையும் சேர்த்துத்தான். ஊறாத கிளிப்பில் ஐந்துக்கு ஒன்று மாட்டும்போதே தலை போனது. ஊறிய பிறகு ஒன்றுகூடப் போகவில்லை. மஞ்சள் பூத்து மேலே பொடிப்பொடியாக உதிரும் பழைய கிளிப்பை மட்டும் காப்பாற்றப் பார்க்காதீர்கள், அது போயே போயிற்று.

உடைந்துபோன இடதுபக்க உறைக்கு மாற்று தேடி, நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு காயலான் கடைக்குப் போனேன். ஜென் மட்டும் நான்கு நின்றன. ஒன்றின் முன்பக்கத்தைப் பார்த்தபோது வந்த வேலை மறந்துபோய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அதற்குள் யார் இருந்தார்களோ.

அங்கேதான் ஒரு விஷயம் உறைத்தது. அந்த நான்கு வண்டியும் என் வண்டியின் வயதுதான். அதே வெயில், இன்னும் சொன்னால் காயலான் கடையின் திறந்தவெளி வெயில் கூடுதலாக. கழற்றி வாங்கிப் போனால் மாட்டும்போது அதுவும் அப்பளம்தான். அதனால் மேலே நின்ற இரண்டை விட்டுவிட்டு, அடியில் கிடந்ததைப் பார்த்தேன். கூரை நசுங்கி, மேலே ஒரு வேனின் பாடி உட்கார்ந்திருந்த வண்டி அது. உள்ளே இருட்டு. உறையின் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்ல வளைத்தேன். வளைத்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது, விட்டதும் திரும்ப வந்தது. அந்த வெளிறல் நல்ல சகுனம். உள்ளே இன்னும் ரப்பர் உயிரோடு இருக்கிறது என்று பொருள். உயிர் போனது வெளிறாது, நேராக முறியும். நகத்தால் தட்டினாலும் தெரியும்: நல்லது ‘டப் டப்’ என்று மந்தமாகப் பேசும், கெட்டுப்போனது பீங்கான் மாதிரி ‘கிண்’ என்னும்.

“அத எடுக்கணும்னா மேல இருக்கறத கிரேன் வச்சு தூக்கணும் தம்பி,” என்றார் கடைக்காரர்.

“நான் உள்ள பூந்து எடுத்துக்கறேன்ணா.”

“கை கிழிஞ்சா என்னைக் கேக்கக் கூடாது.”

கை கிழிந்தது, கேட்கவில்லை. இடதுபக்க உறை, ஒரு கதவுக் கைப்பிடிக் குழி, இரண்டு ஏசி வென்ட், எல்லாம் சேர்த்து 900 சொன்னவர் 650-க்கு இறங்கினார்.

மிச்சம் இருந்தது டிக்கிப் பக்கம். பின்சீட்டுக்குப் பின்னால் பார்சல் டிரே என்ற தட்டு உட்காரும் பக்கத் தாங்கிகள் இரண்டும் ஸ்பீக்கர் துளையிலிருந்து வெடித்துக் கிளம்பியிருந்தன. காயலான் கடையிலும் நல்லது இல்லை. ஒட்டித்தான் ஆகவேண்டும்.

ஒட்டுவதற்கு முன்னால் அது என்ன பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். இதில்தான் ஆட்கள் பசையாக வாங்கித் தள்ளுகிறார்கள். பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் இரண்டு அம்புக்குறிக்கு நடுவே பி.பி. என்றோ ஏ.பி.எஸ். என்றோ அச்சு இருக்கக்கூடும். பி.பி. என்பது பாலிப்ரொப்பிலீன், ஃபெவிக்விக், அரால்டைட், எம்-சீல் எதுவும் அதில் உருப்படியாகப் பிடிக்காது, உருக்கித்தான் சேர்க்க வேண்டும். ஏ.பி.எஸ். அசிட்டோன் என்ற கரைப்பானில் கரையும், அதனால் கரைத்தே ஒட்டலாம். என் தாங்கியில் அச்சு இல்லை. சரி, தண்ணீரில் போட்டுப் பார்ப்போம் என்று ஒரு சில்லைச் சொம்பில் போட்டேன். பாலிப்ரொப்பிலீன் தண்ணீரைவிட லேசு, மிதக்க வேண்டும். இது மூழ்கியது. ஆக ஏ.பி.எஸ்.தான் என்று முடிவு கட்டி அசிட்டோனை ஊற்றி இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். சில்லு அப்படியே இருந்தது, குளித்துவிட்டு வந்தது மாதிரி சுத்தமாக. விஷயம் என்னவென்றால், விறைப்புக்காகப் பாலிப்ரொப்பிலீனில் டால்க் பொடி கலப்பார்கள். 20 சதவீதம் கலந்தால் தண்ணீரைவிடக் கனமாகி மூழ்கிவிடும். பிறகு கொறடில் ஒரு துணுக்கைப் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினேன். மெழுகுவத்தி அணைத்த வாசம், புகை கொஞ்சம்தான். ஏ.பி.எஸ். என்றால் கரும்புகை கிளப்பி, ஒட்டடை மாதிரி கரி பறக்கும். இது பி.பி.

உருக்கிச் சேர்க்க அதே பிளாஸ்டிக்கில் குச்சி வேண்டும். கேபிள் டை ஆகுமா என்று கேட்பார்கள், ஆகாது. அது நைலான், மேலே உருகி உட்காரும், ஆறியதும் தோல் போல உரிந்து வரும். பிரியாணி பார்சல் வாங்கும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன். கறுப்பு டப்பா ஒன்றைக் கழுவி, ஈர்க்குச்சி அகலத்துக்குக் கத்தரித்துக்கொண்டேன். முதலில் தாங்கியின் மறைவான ஒரு மூலையில் ஒரு துளி உருக்கி விட்டு, ஆறியதும் கொறடால் பிடுங்கிப் பார்த்தேன். பிடுங்க வரவில்லை. சாதி ஒன்றுதான்.

அடுத்தது வலை. உருகிய பிளாஸ்டிக் மட்டும் இருந்தால் மறுபடி அதே கோட்டில் முறியும், உள்ளே கம்பி வேண்டும், கான்கிரீட்டுக்குப் போடுவது போல. சமையலறையில் எட்டு வருடப் பழைய எவர்சில்வர் டீ வடிகட்டி ஒன்று கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டேன். வலையைச் சுற்றி வெட்டி, சுண்டுவிரல் அகலப் பட்டைகளாக்கினேன்.

வெடிப்பு முடியும் நுனியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டேன், வெடிப்பு அதற்குமேல் ஓடாது. பின்பக்கத்தில் வெடிப்பு நெடுக பிளேடால் வாய்க்கால் மாதிரி பள்ளம் சீவினேன். தாங்கியின் முகப்பைத் தரையில் கவிழ்த்து, இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்து முகப்பில் செல்லோ டேப் ஒட்டியாயிற்று. பிறகு வலைப் பட்டையைப் பள்ளத்தின் மேல் வைத்து, 25 வாட் சால்டரிங் அயர்னின் பக்கவாட்டால் அழுத்தினேன். முதலில் ஒன்றும் நடக்காது. எண்ணி ஏழெட்டு விநாடி கழித்து வலையின் கண்களுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் சேமியா மாதிரி மேலே எட்டிப் பார்க்கும். அப்போது அயர்னை ஒரு நூல் நகர்த்த வேண்டும். புகை வந்தால் சூடு அதிகம், அந்த இடம் கருகிப் பலமில்லாமல் போகும். வலை முழுக்க அமிழ்ந்ததும் டப்பாக் குச்சியை மேலே உருக்கி ஊற்றி, அயர்ன் முனையாலேயே மெழுகுவது போல மெழுகினேன். ஓர் அடி வெடிப்புக்கு ஒன்றரை மணி நேரம். திண்ணையில் உட்கார்ந்து, காற்று வாட்டம் பார்த்துத்தான் செய்தேன், அந்தப் புகையை மூக்கில் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

நாலு மணிக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஏங்க, டீ வடிகட்டியப் பாத்தீங்களா?”

அன்றைக்கு டீ கிடைக்கவில்லை. புது வடிகட்டி 60 ரூபாய், செலவுக் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

ஏ.பி.எஸ். பாகங்களை ஒட்டியது சுலபம். முதல்நாள் உடைந்த உறையின் சில்லுகளை வீணாக்காமல் நறுக்கி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூழ்குமளவு அசிட்டோன் விட்டு இரவு மூடி வைத்தேன். காலையில் இட்லி மாவுப் பதத்தில் கறுஞ்சாம்பல் கூழ். அதுவே பசை, அதுவே விரிசலை அடைக்கும் பட்டி. டேஷ்போர்டின் பின்னால் முறிந்த திருகுக் குமிழ்களைச் சுற்றி இதைப் பூசி இரண்டு நாள் காயவிட்டேன். அவசரப்பட்டுத் திருகினால் உள்ளே ஈரமாகவே இருக்கும். அசிட்டோன் பெட்ரோல் போலப் பற்றிக்கொள்ளக்கூடியது, அடுப்பு எரியும் இடத்தில் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.

ஏசி வென்ட்டைத் திருப்பும் சின்னக் குமிழ் ஒன்று எங்கேயும் கிடைக்கவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் அதே அக்கா மகன், “அளவு மட்டும் அனுப்புங்க மாமா, 3டி பிரிண்ட் போட்டுத் தர்றேன்” என்றான். அழகாகத்தான் வந்தது. ஒரு வாரத்தில் வெற்றிலைக் காம்பு மாதிரி தலை குனிந்துவிட்டது. அவன் போட்டது பி.எல்.ஏ. என்ற வகை, 60 டிகிரிக்கே இளகிவிடும். வெயிலில் மூடி நிற்கும் காரின் டேஷ்போர்டு அதைத் தாண்டிப் போகும். இரண்டாவது முறை ஏ.எஸ்.ஏ. என்ற வகையில் போட்டான், வெயிலுக்கென்றே ஆனது. அது நிற்கிறது.

நிறம்தான் கடைசித் தலைவலி. காயலான் கடைச் சாமான் ஒரு சாம்பல், என் கார் இன்னொரு சாம்பல், ஒட்டுப்போட்ட இடம் பிரியாணி டப்பாக் கறுப்பு. பெயிண்ட் கடைக்காரர் நிறத்துக்கு ஒரு சாம்பிள் கேட்டார். காரில் இப்போது இருக்கும் எந்த நிறமும் உண்மையான நிறம் இல்லை, எல்லாம் வெளுத்தது. அப்போதுதான் டேஷ்போர்டில் அப்பா ஒட்டிய பிள்ளையார் நினைவுக்கு வந்தார். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் பீடத்துக்கு அடியில் விட்டு அறுத்து எடுத்தேன். கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக, 1999-ல் ஷோரூமில் இருந்த அதே கருஞ்சாம்பல். போன் வெளிச்சத்தில் அதைச் சுற்றியிருந்த நிறத்தோடு பார்த்தபோது, இத்தனை வருடம் நான் ஓட்டியது வேறொரு காரோ என்று தோன்றியது. பெயிண்ட் கடைக்காரரையே வண்டிக்கு அழைத்துவந்து காட்டி, அதற்குப் பொருத்தமாக பளபளப்பில்லாத நிறம் கலந்து வாங்கினேன். பி.பி. பாகத்துக்கு அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் பிரைமர் அடிக்காமல் பெயிண்ட் அடித்தால் நகம் பட்டதும் உரியும். ஒரு தாங்கியில் பிரைமரை மிச்சம் பிடிக்கப் பார்த்து, மறுபடி தேய்த்து, மறுபடி அடித்தேன்.

திரும்ப மாட்டுவதும் பதினோரு மணி வெயிலில்தான். பிளாஸ்டிக்கில் திருகு போடும்போது உடனே வலமாகத் திருப்பாதீர்கள். முதலில் இடமாக மெல்லச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் ‘டக்’ என்று பழைய மரையில் இறங்கும். அங்கிருந்து வலமாகத் திருப்பினால் பழைய தடத்திலேயே போகும். நேராக இறுக்கினால் புது மரை வெட்டும், இரண்டாவது தடவை குமிழ் பிளந்துவிடும். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசும் இடத்தில் தையல்கடையில் கிடைத்த வெல்வெட் துண்டுகளை ஒட்டினேன். கழற்றிய சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் நானே முறுக்கிவிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை. மெக்கானிக்கிடம் போய் இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சு வைத்து இறுக்கச் சொன்னேன். அவர் தூண் உறையைத் தட்டிப் பார்த்தார். “பரவால்ல சார், பேசுது” என்றார்.

மொத்தச் செலவு, ரயில் டிக்கெட்டும் வடிகட்டியும் சேர்த்து, 3,140 ரூபாய். வீணான கிளிப்புப் பாக்கெட்டும் அதில் அடக்கம்.

பிள்ளையாரை அதே வட்டத்தின் மேல் திரும்ப ஒட்டிவிட்டேன். டேஷ்போர்டின் நடுவில் ஓடும் ஒரு வெடிப்பைத் தொடவில்லை. அதைக் கழற்ற ஸ்டீயரிங்கையும் ஹீட்டர் பெட்டியையும் எடுக்க வேண்டும், அதற்குள் வேறு எத்தனை அப்பளம் நொறுங்குமோ. இடதுபக்கப் பின்கதவில் மட்டும் இன்னும் ஒரு சத்தம் வருகிறது. ஊருக்குள் வராது, கிருஷ்ணகிரி பக்கம் போனாலும் வராது. தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கில் கால் வைத்தால் மட்டும் ‘கிரீச்’ என்கிறது. கேமரா அதைத் தெளிவாகப் பதிவு செய்திருக்கிறது. வருகிற ஞாயிறு, வெயில் ஏறியதும், அந்தப் பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.